காலண்டரில் ஏறிய மலை

சென்ற ஆண்டு நம் சங்கம் வெளியிட்ட காலண்டர் அன்பர்கள் பலரின் இல்லங்களில் தொங்கியது. அதில் அக்டோபர் மாதத் தாளில், டார்ஜிலிங்கை அடுத்த டைகர் ஹில்லிலிருந்து விடியற்காலையில் எடுத்த காஞ்சன்ஜங்காப் படம் இருந்தது. பலரும் பாராட்டினர். ஒரு நாள் மாலை லேக் மார்க்கெட்டில் நம்மைக் கண்ட கல்லூரி மாணவி ஒருத்தி, "மாமா, அது நான் எடுத்த படம். என் பெயரை எங்குமே காணோமே!" என்றாள். விசாரித்ததில் உண்மை வெளிப்பட்டது. உறவினருக்கு அவள் கைப்பேசியில் அனுப்பிய படம், கைமாறிக் கைமாறி அச்சகத்தை அடைந்திருக்கிறது. அவளைக் கேட்கவேண்டும் என்று செயற்குழுவில் எவருக்கும் தோன்றவில்லை, நமக்குந்தான். அதை விலை வைத்து விற்றோம் என்பதை நினைக்கையில் வெட்கமாகவே இருக்கிறது.

"சங்கத்திற்குத்தானே, இதில் என்ன?" என்பாரும் உளர். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அவ்வாறு கூறவில்லை. கூலி கொடுத்து எடுக்கச் சொன்னாலோ, உத்தியோகத்தின் பொருட்டு எடுத்தாலோ நிலைமை வேறு. மற்றபடி படத்தின் உரிமை எடுத்தவருக்கே உரியது. அதுவும் எடுத்தவரின் ஆயுள் முழுவதும், பின்னர் அவர் மறைந்த ஆண்டிற்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் வரையும் நீடிக்கும். பலருக்கும் அனுப்பிவிட்டதனாலேயே அவ்வுரிமை நீங்கிவிடுவதில்லை.

மலைக்காட்சியை அச்சிட்டு விற்பது இந்நகருக்குப் புதிய தொழிலன்று. சாமுவேல் போர்ன் என்ற ஆங்கிலேயர், இங்கிலாந்தில் வங்கி வேலையை விட்டு, 1863இல் கல்கத்தாவில் வந்திறங்கினார்; பின்னர் சிம்லா சென்று இமயத்தில் மும்முறை யாத்திரை செய்தார். அக்காலத்தில் படத்தைப் பெரிதாக்கி அச்சிடுவது எளிதன்று. தாள் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய கண்ணாடித் தகடு வேண்டும். தகட்டில் மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, கூடாரத்து இருளிலேயே கழுவியாக வேண்டும். கண்ணாடியும் மருந்துப் புட்டிகளும் கூடாரமும் சுமக்கக் கூலியாட்கள் கூட்டமாகவே உடன் சென்றனர். 1866இல் சுமார் 18,600 அடி உயரமுள்ள மணிரங் கணவாயில் நின்றுகூட அவர் இவ்வாறே படமெடுத்தார். அந்தக் குளிரில் விரல் எப்படி வளைந்ததோ!

நம் கருத்தைக் கவர்ந்தது பிறிதொன்று. தம் படங்கள் பலவற்றில், தகட்டிலேயே, தம் பெயரையும் ஓர் எண்ணையும் அவர் பொறித்தார். வாங்குவோர் பட்டியலைப் பார்த்து, எண்ணைச் சொல்லிப் படம் கேட்கலாம். போர்ன் 1870இல் தாயகம் திரும்பினார். அவர் ஷெப்பர்டு என்பாருடன் கூடி நடத்திய 'போர்ன் அண்டு ஷெப்பர்டு' நிறுவனமோ எஸ்பிளனேடு அருகே நெடுங்காலம் நடந்து, 2016இல்தான் மூடப்பட்டது. இடையில் 1991இல் நேர்ந்த தீவிபத்தில் அங்கிருந்த பழைய சேகரத்தின் பெரும்பகுதி அழிந்தது. ஆயினும் விலைக்குப் போன தாள்கள் பிழைத்தன! வாங்கியோர் ஆல்பங்களில் ஒட்டி வைத்தவை இன்று இலண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகம் முதலிய இடங்களில் பெயரோடும் எண்ணோடும் இருக்கின்றன. கைப்பேசியிலேயே ஆயிரம் படங்களைப் பூட்டி வைத்திருக்கும் நம் இளைஞர்கள் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

மாணவியின் படம் பெயரை மட்டுமா இழந்தது? தெளிவையும் இழந்தது. நல்ல அச்சிற்கு அங்குலத்திற்கு 300 புள்ளி வேண்டும் என்பது அச்சுத் தொழிலாளர் வழக்கு. நம் காலண்டர்த் தாள் 12க்கு 18 அங்குலம். எனவே 3,600க்கு 5,400 புள்ளி தேவை. செய்திச் செயலி வழியாகச் சாதாரணமாக அனுப்பும்போது படம் சுருங்கிவிடுகிறது. நீளவாட்டில் 1,600 புள்ளியே எஞ்சினால், அது ஐந்தங்குலத்திற்குமேல் தாங்காது. பனிமுகடு பஞ்சுப்பொதிபோல் தோன்றியதன் காரணம் இதுதான். மேலும், திரை தானே ஒளிர்வது, தாள் ஒளிராது. திரையில் பளீரென்ற நீலவானம் தாளில் மங்கிவிடும். ஆதலால் ஒரேயொரு மாதிரித் தாளைப் பகல் வெளிச்சத்தில் பார்த்த பின்னரே முழு அச்சிற்கு ஒப்புதல் தர வேண்டும்.

விற்க விரும்பும் அன்பர்கள் சட்டமிட்ட பெரிய படத்தில் தொடங்குதல் வேண்டா என்பது நம் எண்ணம். வாடகை வீட்டுச் சுவரில் ஆணியடிக்கவே வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்கும் குடும்பங்கள் நம்மில் எத்தனை! தபால் அட்டைக்கு 4க்கு 6 அங்குலம் போதும். ஊருக்கு எழுதுவோரும் வாங்குவர். இப்போது டிஜிட்டல் அச்சில் ஐம்பது அட்டைகூட அடித்துத் தருகிறார்கள்.

இவ்வாண்டுக் காலண்டருக்குப் படம் தருவோர் மூலக்கோப்பையே தருக. எடுத்தவர் பெயரும் இடமும் ஒவ்வொரு படத்தின் கீழும் அச்சாகும். செலவு போக எஞ்சுவதில் பாதியைப் படம் தந்தவர்களுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டுமென்று செயற்குழுவில் கேட்டிருக்கிறோம்; பொருளாளர் இன்னும் இசையவில்லை. அம்மாணவி காஞ்சன்ஜங்காவின் மூலக்கோப்பைத் தர இசைந்திருக்கிறாள், தன் பெயரை மாதிரித் தாளில் கண்ணால் கண்ட பின்னரே முழு அச்சு என்ற நிபந்தனையோடு.