கல்லுக்கும் பெயர் சொல்லி விற்போம்



பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் நாட்டுத் தக்காளிக்கு ஒரு விலை, ஒட்டுத் தக்காளிக்கு ஒரு விலை. இரண்டும் நல்ல சரக்குதான். பெயரை மாற்றிச் சொன்னால்தான் குற்றம். நகைக் கடையில் கல்லுக்கும் இதே நியாயம் வேண்டும் என்பது என் கருத்து.

‘மொய்சனைட்’ என்ற கல் வைரத்துக்குப் பதிலாகத் தோடு, மூக்குத்திகளில் வருகிறது. இதை மட்டமான கல் என்று இகழ வேண்டியதில்லை. பிரான்ஸ் விஞ்ஞானி ஆன்றி முவாசான் 1893ல் அமெரிக்காவின் அரிசோனாவில் கிடைத்த விண்கல்லில் இதன் துகள்களைக் கண்டார். முதலில் வைரம் என்றே எண்ணினார். சிலிக்கன் கார்பைடு என்று 1904ல்தான் தெளிவானது. விஞ்ஞானியே ஏமாந்த கல்லில் நம் வாடிக்கையாளர் ஏமாறுவது பெரிய வியப்பா?

இயற்கையில் கிடைப்பது பெரும்பாலும் பொடித் துகள்தான். நகைக்கு வருவதெல்லாம் ஆலையில் வளர்த்தது; 1998 முதல் விற்பனையில் இருக்கிறது. இரும்புக் கடையில் விற்கும் கார்பரண்டம் சாணைக்கல்லும் இதே பொருள்தான். வைரத்தின் கடினம் 10 என்றால் இதற்கு 9.25. ஜொலிப்போ வைரத்தைவிட அதிகம்.

சிக்கல் சோதனையில்தான். வெப்பத்தை வைத்துச் சோதிக்கும் பேனா இதையும் ‘வைரம்’ என்றே காட்டிவிடும். மின்சாரத்தையும் சேர்த்துச் சோதிக்கும் கருவி வேண்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் சற்றுச் சாய்த்துப் பார்த்தால், பின்பக்கப் பட்டைகளின் ஓரம் இரட்டைக் கோடாகத் தெரியும். வைரத்தில் அப்படித் தெரியாது. ஹால்மார்க் முத்திரையோ தங்கத்தின் தரத்துக்கு மட்டுமே. கல்லுக்கு அது சாட்சி சொல்லாது.

மகள் கல்யாணத்துக்கு ‘வைரம்’ என்று நம்பி வாங்கிய தோட்டை, பத்து வருடம் கழித்து ஒரு ஆத்திர அவசரத்துக்கு விற்க வருகிறார் ஒரு தாய். “இது வைரம் இல்லையே அம்மா” என்ற ஒரு சொல்லில் அவர் கணக்குப் போட்டு வைத்திருந்த பணம் போகிறது. விற்ற கடையின் பெயரும் போகிறது. அந்தக் கடைக்காரர் தெரியாமல் விற்றிருந்தாலும் பழி அவருக்குத்தான்.

ஆகவே, கொள்முதல் செய்யும்போதே கல்லின் பெயரை எழுதி வாங்குங்கள். பில்லில் தங்கத்தின் எடையோடு கல்லின் பெயர், எடை, விலை மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள். வைரமா, ஆலையில் வளர்த்த வைரமா, மொய்சனைட்டா, அமெரிக்கன் டைமண்டா என்பது தெளிவாக இருக்கட்டும். ஆலை வைரத்தைக் கடையில் வைத்துப் பிரித்தறிவது கடினம். அதற்கு ஆய்வகச் சான்றிதழ் அவசியம்.

மொய்சனைட்டை மொய்சனைட் என்றே சொல்லி விற்றாலும் வாங்க ஆள் உண்டு. குறைந்த காசில் கல் தோடு போட ஆசைப்படுவோர் நம் ஊரிலும் ஏராளம். கல் ஆலையில் விளையலாம். நாணயம் கடையில்தான் விளைய வேண்டும்.