கால் தவறியது, நாவும் தவறலாமா?



யானைக்கும் அடி சறுக்கும் என்பது நம் முன்னோர் வாக்கு. சறுக்கிய யானையை எவரும் கல்லால் அடிப்பதில்லை. அது எழுந்து நிற்கும்வரை ஒதுங்கி நின்று பார்க்கிறோம். ஆனால் சறுக்கியவன் மனிதனாயிருந்தால், அதுவும் பல்லாயிரம் கண்கள் பார்த்திருக்கும் வேளையில் சறுக்கிய இளைஞனாயிருந்தால், சுற்றி நிற்போர் என்ன செய்கின்றனர்? இதற்கு விடை காண, இம்மாதம் அமெரிக்க நாட்டின் ஆடுகளம் ஒன்றுக்கு உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

அமெரிக்கர் ‘ஃபுட்பால்’ என்று அழைக்கும் ஆட்டம் நாம் அறிந்த காற்பந்து அன்று. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும், எதிரணியினரை முட்டித் தள்ளியும் ஆடும் ஆட்டம் அது. பக்கத்துக்குப் பதினொருவர். எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டு சேர்த்தால் 6 புள்ளிகள். அது இயலாதபோது, உதைப்பதற்கென்றே பயிற்சி பெற்ற ஒருவர் வந்து, இரு கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்துச் செலுத்தினால் 3 புள்ளிகள். அக்கம்பங்களுக்கு இடையேயுள்ள அகலம் 18 அடி 6 அங்குலம். தரையிலிருந்து 10 அடி உயரத்தில் உள்ள குறுக்குச் சட்டத்துக்கு மேலாகப் பந்து பறந்து செல்லவேண்டும்.

அந்த உதைப்பாளரின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஆட்டத்தின் பெரும் பகுதியில் அவர் ஓரத்தில் காத்திருப்பார். மற்றவர்கள் வியர்வையும் சேறுமாய்ப் போராடிக்கொண்டிருப்பார்கள். திடீரென்று அவரை அழைப்பார்கள். ஒருவர் பந்தைப் பின்னுக்கு வீச, இன்னொருவர் அதைப் பிடித்துத் தரையில் நிறுத்த, அவர் ஓடிவந்து உதைக்கவேண்டும். அனைத்தும் ஏறத்தாழ ஒன்றரை நொடிக்குள் முடிந்துவிடும். அந்த ஒன்றரை நொடியில், பல மணி நேரத்து உழைப்பின் பயன் அவர் ஒருவரின் பாதத்தில் வந்து தங்கும். குறி தப்பினால் ஒளிந்துகொள்ள இடமில்லை.

அலபாமாவில் ஓர் இரவு

2013ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள். அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள அலபாமா மாநிலத்தில், அலபாமா பல்கலைக்கழக அணியும் ஆபர்ன் பல்கலைக்கழக அணியும் மோதின. ஆண்டுதோறும் நடைபெறும் இந்த ஆட்டம், அம்மாநிலத்தில் குடும்பங்களையே இரண்டாகப் பிரித்துவிடும் அளவுக்குப் புகழ் வாய்ந்தது. அவ்வாண்டு அலபாமா நாட்டின் முதல் தர அணி. அப்பருவத்தில் அதுவரை தோல்வியே காணாதது. ஆபர்ன் நகர் அரங்கில் 87,000க்கும் மேற்பட்டோர் திரண்டிருந்தனர்.

அலபாமா அணியின் உதைப்பாளர் கேட் ஃபாஸ்டர் என்னும் இறுதியாண்டு மாணவர். முதலில் 44 யார்டு தொலைவிலிருந்து அவர் உதைத்த பந்து குறி தப்பியது. பின்னர் 28 யார்டிலிருந்து உதைத்தார். பந்து கம்பங்களுக்கு நடுவே சரியாகச் சென்றது. ஆயினும் அவருடைய அணியினர் விதி மீறினர் என்று நடுவர் அந்த உதையைச் செல்லாததாக்கினார். 5 யார்டு பின்வாங்கி மீண்டும் உதைக்க நேர்ந்தது, இம்முறை தப்பியது. மூன்றாவது முறை 44 யார்டிலிருந்து உதைத்தார். எதிரணியினர் பாய்ந்து வந்து பந்தைத் தடுத்து வீழ்த்தினர்.

ஆட்டம் முடிய ஒரே ஒரு நொடி எஞ்சியிருந்தபோது இரு அணிகளும் 28 புள்ளிகளுடன் சமநிலையில் நின்றன. பயிற்றுநர் நிக் சேபன் இம்முறை ஆடம் கிரிஃபித் என்னும் இளைய உதைப்பாளரை அனுப்பினார். தொலைவு 57 யார்டு. பந்து கம்பங்களை எட்டாமல் விழப்போனது. அங்கே காத்திருந்த ஆபர்ன் வீரர் கிறிஸ் டேவிஸ் அதைப் பிடித்து, ஆடுகளத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஓடிச் சேர்த்தார். 34க்கு 28 என்ற கணக்கில் ஆபர்ன் வென்றது. அரங்கமே ஆடுகளத்துக்குள் புரண்டு வந்தது.

வசை மழை

அன்றிரவே தொடங்கியது வசை மழை. நேற்றுவரை கேட் ஃபாஸ்டருக்குக் கைதட்டிய அதே அணியின் அன்பர்கள் பலர், ட்விட்டர் வழியாக அவர்மீது இழிசொற்களைக் கொட்டினர். கொன்றுவிடுவோம் என்றார்கள் சிலர். உன் உயிரை நீயே மாய்த்துக்கொள் என்றார்கள் வேறு சிலர். இவையெல்லாம் யாருக்கு? இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒரு கல்லூரி மாணவருக்கு! அந்நாளில் கல்லூரி ஆட்டக்காரருக்கு உதவித்தொகை உண்டேயன்றி ஊதியம் கிடையாது.

இது அவ்வோர் இடத்தில் மட்டும் நடந்ததன்று. 2010ஆம் ஆண்டு நவம்பர் 26 அன்று, போய்சி மாநிலப் பல்கலைக்கழகத்தின் உதைப்பாளர் கைல் பிராட்ஸ்மன், நெவாடாவுக்கு எதிரான ஆட்டத்தில் 26 யார்டிலும் 29 யார்டிலும் இருமுறை தவறியபோதும் இதே வசைகள் அவரைத் துரத்தின.

நீதியாகப் பார்த்தால், ஆபர்னில் நேர்ந்த தோல்வி ஒருவருடையதா? செல்லாமற்போன உதையைச் செல்லாமற் செய்தது அவருடைய கால் அன்று. தடுக்கப்பட்ட உதையில், எதிரணியினரை மறித்து நிற்கவேண்டிய அரண் உடைந்துபோயிருந்தது. ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் ஆபர்னைச் சமநிலைக்கு வரவிட்டது தற்காப்பு வரிசை. அறுபது நிமிட ஆட்டத்தில் பலருடைய கைகளும் கால்களும் தவறியிருந்தன. ஆயினும் மற்றவர்களின் தவறுகள் கூட்டத்துக்குள் மறைந்தன. தனியே நின்றவருடைய தவறு மட்டும் வெளிச்சத்தில் நின்றது. தோல்வியின் வலிக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது, ஆள் கிடைத்துவிட்டார்!

இங்கேதான், அன்பர்களே, நாம் ஓர் உண்மையைத் தெளிந்துகொள்ளவேண்டும். தவறியவன் வேறு, தவறு செய்தவன் வேறு. பந்து குறி தப்புவது பாவமன்று. முழு மனத்தோடு முயன்று தோற்றவன் யாருக்கும் தீங்கிழைத்தவன் அல்லன். ஆனால், இருளில் அமர்ந்து, முகம் காட்டாமல், ஓர் இளைஞனுக்குச் சாவை வாழ்த்தாக அனுப்பியவன்? அவன் தவறியவன் அல்லன், தவறு செய்தவன். அன்றிரவு ஆடுகளத்தில் நிகழ்ந்தது தோல்வி. கைப்பேசிகளில் நிகழ்ந்ததோ பாவம். நாக்கு சிறு நெருப்பு, அது பெருங்காட்டையும் எரித்துவிடும் என்று புனித யாகப்பர் தம் திருமுகத்தில் எச்சரித்தது இத்தகையோரை எண்ணித்தானோ? இறைவனைப் போற்றும் அதே வாயால், இறைச் சாயலில் படைக்கப்பட்ட மனிதனைச் சபிப்பது தகாது என்று அவர் வருந்துகிறார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. முந்திய இரவு சபித்த வாய்களில் எத்தனை, காலையில் ஆலயத்தில் புகழ்ப்பாடல் பாடினவோ!

தேறுதல் சொன்ன நகரம்

கூட்டம் என்றாலே கொடியது என்று முடிவுகட்டிவிடலாகாது. கல்லெறிவதைப் போலவே கண்ணீர் துடைப்பதற்கும் கூட்டத்தால் இயலும். தொழில்முறை ஆட்டத்தில் அதற்குச் சான்று உண்டு.

1991ஆம் ஆண்டு சனவரி 27 அன்று நடந்த நாட்டின் இறுதிப் போட்டியில், பஃபலோ நகர அணி ஒரு புள்ளி பின்தங்கி நின்றது. சில நொடிகளே எஞ்சியிருந்தன. ஸ்காட் நார்வுட் 47 யார்டிலிருந்து உதைத்தார். பந்து வலப்பக்கம் விலகிப் பறந்தது. 20க்கு 19 என்று பஃபலோ தோற்றது. மறுநாள் அணியினர் ஊர் திரும்பினர். கத்தோலிக்கர் பெருந்தொகையாய் வாழும் அந்நகரின் நகர மண்டபத்தின் முன்னே பல்லாயிரம் பேர் கூடியிருந்தனர். வசைபாடவா? இல்லை! ‘ஸ்காட் வரவேண்டும், ஸ்காட் வரவேண்டும்’ என்று ஒரே குரலாய் முழங்கினர். பின்னே ஒதுங்கி நின்றவர் முன்னே வந்தார், கண் கலங்கினார், இவ்வளவு அன்பைத் தாம் என்றுமே உணர்ந்ததில்லை என்று தழுதழுத்தார்.

அணியும் அவரைக் கைவிடவில்லை. அடுத்த பருவத்தில், 1992 சனவரியில், இறுதிப் போட்டிக்குச் செல்லும் தகுதியை முடிவுசெய்யும் ஆட்டத்தில், அதே நார்வுட் 44 யார்டிலிருந்து உதைத்த பந்து குறி தப்பவில்லை. பஃபலோ 10க்கு 7 என வென்றது. வேறுபாடு மூன்றே புள்ளிகள்!

கேட் ஃபாஸ்டருக்கும் தேறுதல் சொன்னோர் இருந்தனர். தோழர்களும் பயிற்றுநரும் வெளிப்படையாக அவர் பக்கம் நின்றனர். சில நாள்களில் கைப்பட எழுதிய கடிதம் ஒன்று வந்தது. அனுப்பியவர் அமெரிக்காவின் முன்னாள் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ். ஃபாஸ்டரின் சட்டை எண் 43. புஷ் அந்நாட்டின் 43ஆவது குடியரசுத் தலைவர். வாழ்வில் பின்னடைவுகள் வரும், தாமும் அவற்றை அறிந்தவர், காலம் உம்மை மேலும் உறுதியுள்ளவராக்கும் என்ற பொருள்பட எழுதி, ‘மற்றொரு 43’ என்று முடித்திருந்தார். தம் தோல்வியை நினைவுகூர்ந்து பிறர் தோல்விக்கு மருந்திடுவது எத்துணைப் பெருந்தன்மை!

கரையோரத்துக் கரிநெருப்பு

மும்முறை தவறிய ஒருவரை நற்செய்தியிலும் காண்கிறோம். புனித இராயப்பர் ஆண்டவரை மும்முறை மறுதலித்தார். அது வெறும் சறுக்கல் அன்று, மெய்யாகவே பாவம். அப்படியிருந்தும், உயிர்த்த ஆண்டவர் அவரைத் திபேரியாக் கடற்கரையில் சந்தித்தபோது என்ன செய்தார் என்பதை ஊன்றிக் கவனியுங்கள். முதலில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம் செய்து, உண்ண வாருங்கள் என்று அழைத்தார். உண்ட பின்னரே கேள்வி கேட்டார். அந்தக் கேள்வியும், ஏன் மறுதலித்தாய் என்பதன்று. என்னை நேசிக்கிறாயா என்பதே. இறுதியாக, தம் ஆடுகளையே அவர் கையில் ஒப்படைத்தார்.

முதலில் உணவு, பிறகு கேள்வி, முடிவில் மீண்டும் பொறுப்பு. விழுந்தவரைத் தூக்கிவிட ஆண்டவர் காட்டிய வழி இது. பாவம் செய்தவருக்கே இப்பரிவு என்றால், வெறுமனே தோற்றவருக்கு நாம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம்!

மீண்டும் பொறுப்புக் கொடுப்பதன் பயனை அலபாமாவும் கண்டது. அன்றைய கடைசி உதையைத் தவறவிட்ட ஆடம் கிரிஃபித், போலந்து நாட்டில் பிறந்து, அநாதை இல்லத்திலிருந்து 13ஆம் வயதில் அமெரிக்கக் குடும்பம் ஒன்றால் தத்தெடுக்கப்பட்டவர். 2015ஆம் ஆண்டுப் பருவத்தின் தொடக்கத்திலும் அவருடைய உதைகள் சில தவறின. பயிற்றுநர் அவரை விலக்கவில்லை. 2016 சனவரி 11 அன்று, கிளெம்சன் அணிக்கு எதிரான நாட்டின் இறுதி ஆட்டத்தில், கிரிஃபித் 33 யார்டிலிருந்து உதைத்து ஆட்டத்தை 24க்கு 24 எனச் சமன் செய்தார். உடனே அடுத்த உதையை, எதிரணியினர் சற்றும் எதிர்பாரா வகையில், மெல்ல உயரத் தூக்கிவிட்டார். ஓடிச் சென்ற தோழர் அதைப் பிடித்தார். ஆட்டத்தின் போக்கே மாறியது. 45க்கு 40 என அலபாமா வாகை சூடியது. ஈராண்டுகளுக்கு முன் அவரைத் தூக்கி எறிந்திருந்தால், அந்த உதை எங்கிருந்து வந்திருக்கும்?

நம் இல்லத்து ஆடுகளம்

பெற்றோரே, உங்கள் பிள்ளையும் ஒரு நாள் தலைகவிழ்ந்து வீடு திரும்பலாம். தேர்வில் மதிப்பெண் குறைந்திருக்கலாம். நேர்முகத்தில் வேலை கைநழுவியிருக்கலாம். பங்கு விழா மேடையில் பேச்சு மறந்து நின்றிருக்கலாம். வாசற்படியில் கால் வைக்கும்போதே கேள்விக் கணைகளைத் தொடுக்கவேண்டாம். அடுத்த வீட்டுப் பிள்ளையை ஒப்பிட்டு உரைக்கவேண்டாம். முதலில் சோறு பரிமாறுங்கள். பிறகு, பொறுமையோடு பேசுங்கள். சோம்பல் காரணமாயின் கண்டிப்பதும் அன்பே. ஆனால் முயன்று தோற்றது என்றால், அதைக் குற்றமாக்காதீர்கள். அதன்பின் ஏதேனும் ஒரு பொறுப்பை மறுபடியும் அப்பிள்ளையின் கையில் கொடுங்கள். ‘உன்னை இன்னும் நம்புகிறோம்’ என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்ல வேறு மொழியில்லை.

இளைஞரே, கைப்பேசியில் விரல் வைக்குமுன் ஒரு நொடி நில்லுங்கள். தோற்ற ஆட்டக்காரரைப் பற்றி எழுதப்போகும் அந்தச் சொல்லை, அவர் தாய் பக்கத்தில் அமர்ந்திருக்கும்போது அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வீர்களா? சொல்லமாட்டீர்கள் எனில், எழுதவும் வேண்டாம். விளையாட்டைக் குறித்துத் திருப்பீடம் 2018ஆம் ஆண்டு சூன் திங்களில் ஓர் ஏட்டை வெளியிட்டது. விளையாடுவோன் வெற்றிக்கான கருவி அல்லன், மாண்புள்ள மனிதன் என்பதே அதன் அடிநாதம்.

குருத்து ஞாயிறன்று ஓசன்னா பாடிய நகரில்தான், பெரிய வெள்ளியன்று சிலுவையில் அறையும் என்ற கூக்குரலும் எழுந்தது. அந்தக் கூட்டம் எருசலேமோடு முடிந்துவிடவில்லை. ஆட்ட அரங்கிலும், தெருவிலும், நம் உணவு மேசையைச் சுற்றிலும் அது எந்நேரமும் கூடக்கூடும். அதில் நாம் எந்தக் குரலாய் இருக்கப்போகிறோம் என்பது நம் கையில் உள்ளது.

இன்றிரவு குடும்ப செபமாலையின்போது, இவ்வாண்டு நம் வீட்டிலும் பங்கிலும் ஏதேனும் ஒன்றில் தோற்றவர் ஒருவரின் பெயரைச் சொல்லி அவருக்காக ஒரு மணியை ஒப்புக்கொடுப்போம். நாளைக் காலை அவரைத் தேடிச் சென்று ஒரு நல்ல சொல்லும் சொல்வோம். செய்வோமா?