அமெரிக்கப் படிப்பும் தரகர் துரைத்தனமும்

ஆண்டுதோறும் ஆவணி பிறந்து மார்கழி கழிவதற்குள் நமது நாட்டில் ஒரு புதுப் பருவம் வந்து போகிறது. அமெரிக்க சர்வகலாசாலைகளுக்கு விண்ணப்பம் அனுப்பும் பருவம் அது. 2024-25ஆம் கல்வியாண்டில் அந்நாட்டில் கணக்கிடப்பட்ட அந்நிய மாணாக்கர் 11,77,766 பேரில் 3,63,019 பேர் இந்தியர். பத்துப் பேரில் மூவர் நம்மவர் என்று கொள்ளலாம். வேறெந்த தேசமும் அவ்வாண்டில் இத்தனை பேரை அங்கு அனுப்பவில்லை. இவர்களில் ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு குடும்பம் நிற்கிறது. பல குடும்பங்களுக்குப் பின்னால் ஓர் அடமானப் பத்திரமும் இருக்கிறது. ஆகவே இதைத் தனி மனிதர் சொந்த விவகாரமென்று ஒதுக்கிவிடுவது பொறுப்புள்ள பத்திரிகைக்குத் தகாது.

கடல் கடந்து கற்பதை நாம் ஒருபோதும் குறை கூறோம். பரோடா சமஸ்தானத்தின் உபகாரச் சம்பளம் பெற்று 1913இல் கொலம்பியா சர்வகலாசாலைக்குச் சென்ற டாக்டர் அம்பேத்கர், அங்கே கற்ற பொருளாதாரத்தைக் கொண்டு இங்கே செய்த பணியை அறியாதார் இல்லை. 1922இல் கப்பலேறிய ஜயப்பிரகாச நாராயணர் தோட்டங்களிலும் தொழிற்சாலைகளிலும் கூலி வேலை செய்து அமெரிக்காவில் படித்தார். நமது தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பாவும் கொலம்பியாவிலேயே நமது நாட்டின் பொது நிதியையும் வறுமையையும் ஆராய்ந்தார். போனவர்களால் தேசம் நஷ்டமடையவில்லை. பெரும் லாபமே அடைந்தது. போவது சரியா என்ற கேள்வி நமக்கில்லை. எவ்விதம் போவது என்பதே கேள்வி.

இந்த இடத்திலேதான் தரகர் துரைத்தனம் புகுந்திருக்கிறது. எந்தச் சர்வகலாசாலை என்று தீர்மானிப்பவர் தரகர். ‘நான் ஏன் படிக்க விரும்புகிறேன்’ என்று மாணவன் எழுத வேண்டிய கட்டுரையை எழுதுபவர் தரகரின் குமாஸ்தா. ஆசிரியர் தர வேண்டிய சிபார்சுக் கடிதத்தைப் பையனே எழுதிக் கொண்டுவர, ஆசிரியர் படித்தும் பாராமல் கையெழுத்திடுகிறார். பாங்கிக் கணக்கில் பணம் போதாவிட்டால், சில நாட்களுக்குக் கைமாற்று வாங்கிப் போட்டுக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கவும் ஏற்பாடு நடக்கிறது. மாணவன் தானாகச் செய்வது இரண்டே காரியம்: கையெழுத்திடுவதும் பணம் கட்டுவதும்.

தரகர்களில் யோக்கியரே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அவர் யாருடைய சம்பளம் வாங்குகிறார் என்று தகப்பனார் ஒரு முறையேனும் கேட்டதுண்டா? ஆள் சேர்ப்பவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று தரகு கொடுப்பதை, தன் குடிகளின் பிள்ளைகள் விஷயத்தில், அமெரிக்கச் சட்டம் தடுக்கிறது. சர்க்காரின் மாணவர் உதவிப் பணத்தில் பங்குபெறும் எந்தக் கல்வி ஸ்தாபனமும் அவ்வாறு செய்யலாகாது. வெளிநாட்டில் வசிக்கும் அந்நிய மாணாக்கருக்கோ அந்தத் தடையில் விதிவிலக்கு வைத்திருக்கிறார்கள். தம் வீட்டுப் பிள்ளைக்கு விஷமென்று விலக்கிய பண்டத்தை நம் வீட்டு வாயிலில் தாராளமாக விற்கலாம் என்பதே இதன் தாத்பரியம். தரகு அதிகம் தரும் கல்லூரியே ‘சிறந்த கல்லூரி’ ஆகிவிடுவதில் வியப்பென்ன?

சட்டம் அறிந்தவன் கண்ணோடு இதைப் பார்த்தால் அபாயம் இன்னும் தெளிவாகும். கொலைக் குற்றம் சாட்டப்பட்டவனையும், குற்றம் ருசுவாகும் வரையில் நிரபராதி என்றே நியாயஸ்தலம் கருதுகிறது. அமெரிக்காவின் 1952ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டம், 214(பி) பிரிவில், நேர்மாறான அனுமானத்துடன் தொடங்குகிறது. விஸா கேட்கும் மாணவன் அங்கேயே தங்கிவிடும் எண்ணமுடையவன் என்று முதலில் கொள்ளப்படும். அல்லவென்று ருசுப்படுத்தும் பாரம் அவனுடையது. சென்னை அண்ணா சாலையிலுள்ள துணைத் தூதரகத்தில் சில நிமிஷ விசாரணைக்குள் அவன் அதைச் செய்தாக வேண்டும். மறுக்கப்பட்டால் மேல் அப்பீல் கிடையாது. மீண்டும் பணம் கட்டிப் புதிதாக விண்ணப்பிக்கலாம், அவ்வளவே.

விதிகளோ அடிக்கடி மாறுகின்றன. 2025 மே மாதக் கடைசியில் புதிய மாணவர் நேர்காணல்களுக்கு நாள் கொடுப்பதையே நிறுத்தினார்கள். ஜூனில் மீண்டும் தொடங்கியபோது, சமூக ஊடகக் கணக்குகளைப் பகிரங்கமாகத் திறந்து வைக்க வேண்டுமென்று நிபந்தனை விதித்தார்கள். இந்த நிலையில் பிறர் எழுதிய கட்டுரையையும் பிறர் போட்ட பணத்தையும் நம்பிச் செல்பவன், தன் சாட்சியத்தைத் தானே படிக்காமல் கூண்டில் ஏறும் சாட்சிக்கு ஒப்பானவன். பொய்ப் பத்திரம் வெளிப்பட்டால் ஆயுள் முழுவதும் அந்நாட்டு வாயில் அடைபடக்கூடும். அன்று அவன் பக்கத்தில் தரகர் நிற்கமாட்டார்.

இது வெறும் பயமுறுத்தல் என்று எண்ணுவோர் மிஷிகன் ராஜ்யத்தில் நடந்ததை நினைவுகூர வேண்டும். பார்மிங்டன் சர்வகலாசாலை என்ற பெயரில் அங்கே ஒரு கல்வி ஸ்தாபனம் இருப்பதாக விளம்பரமாயிற்று. வகுப்பு கிடையாது, ஆசிரியர் கிடையாது. அது அமெரிக்கக் குடியேற்ற அதிகாரிகளே விரித்த வலை என்பது 2019 ஜனவரியில் வெளியாயிற்று. பதிந்திருந்த சுமார் 600 பேரில் பெரும்பாலோர் இந்தியர். ஆள் சேர்த்த எண்மர் மீது வழக்குத் தொடரப்பட்டது. மாணவர் பலர் கைதாகி நாடு திரும்ப நேர்ந்தது. ஒரு சர்க்கார் இவ்வாறு வலை விரித்தது தர்மமா என்று நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆயினும் படிப்பில்லாத படிப்புக்குப் பணம் கட்டியவரிடமும் குற்றமில்லை என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

இளைஞர்கள் செய்ய வேண்டியது என்ன? முதலாவது, கணக்கு. ஐ-20 என்னும் படிவம் கிடைக்க முதல் வருஷச் செலவுக்குப் பணம் காட்டினால் போதும். கடனோ எல்லா வருஷத்துக்கும் சேர்த்து வளரும். பகுதி நேர வேலையால் கட்டணத்தை அடைத்துவிடலாம் என்பது வீண் கனவு. ஜயப்பிரகாசர் காலத்தைப் போல் கண்ட இடத்தில் உழைக்க இன்று அனுமதியில்லை. படிப்புக் காலத்தில் சர்வகலாசாலை வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரமே வேலை செய்யலாம். இரண்டாவது, எங்கே உதவி கிடைக்கும் என்பதை அறிதல். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில ஸ்தாபனங்கள், இளங்கலைப் படிப்பில் அந்நிய மாணவனின் ஏழ்மையைப் பாராமல் தகுதியை மட்டும் பார்த்துத் தேர்ந்து, தேவையான உதவியையும் அளிக்கின்றன. டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்குச் சேர்பவருக்குப் பெரும்பாலும் சம்பளமும் கட்டண விலக்கும் உண்டு. எம்.எஸ். படிப்பே அநேகமாகச் சொந்தப் பணத்தில் நடப்பது; தரகர் கூட்டம் மொய்ப்பதும் அங்கேதான். மூன்றாவது, அவசரப்படாமை. உதவித் தொகையுடன் முதுகலை இடம் கிடைத்தவர் முடிவு சொல்ல ஏப்ரல் 15 வரை தவணை தருவதென்று பல அமெரிக்க சர்வகலாசாலைகள் கூடி ஒப்புக்கொண்டிருக்கின்றன. ‘இன்றே முன்பணம் கட்டு, இல்லையேல் இடம் போயிற்று’ என்று தரகர் விரட்டும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

பழியனைத்தையும் இளைஞர் தலையில் சுமத்துவது நியாயமல்ல. கேட்ட இடத்தில் நல்ல யோசனை கிடைத்தால் அவர்கள் தரகரைத் தேடிப் போவானேன்? நமது கல்லூரிகள் ஒவ்வொன்றும் இதற்கென ஓர் ஆசிரியரை நியமிக்கலாகாதா? அமெரிக்காவில் படித்துத் திரும்பியவர்கள் ஊர் நூலகத்தில் வாரம் ஒரு மாலை உட்கார்ந்து ஏழைப் பிள்ளைகளின் விண்ணப்பத்தைப் பார்த்துக் கொடுக்கலாகாதா? கூட்டங்களில் முழங்கும் நமது தேசத் தொண்டர்களுக்கு இது தகுந்த வேலை.

சர்க்காரின் கடமையோ இதைவிடப் பெரிது. ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்காக மத்திய சர்க்கார் நடத்தும் வெளிநாட்டு உபகாரச் சம்பளம் இப்பெரிய தேசம் முழுமைக்கும் ஆண்டுக்கு 125 பேருக்கே. 2025 ஜூலையில், தேர்வான 106 பேரில் முதற்கண் 40 பேருக்கு மட்டும் கடிதம் அனுப்பி, மற்றவர்க்குப் பணம் இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். 1913இல் ஒரு சமஸ்தானாதிபதி ஓர் ஏழை மாணவனுக்குச் செய்ததை, சுதந்திரக் குடியரசு ஒன்று பணமிருந்தால் செய்வோம் என்று சொல்வது வெட்கத்துக்குரியது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரையும் நிதியில்லை என்று நிறுத்தலாகாதென நமது பிரதிநிதிகள் சட்டசபையிலும் பாராளுமன்றத்திலும் வற்புறுத்த வேண்டும்.

விண்ணப்பம் என்பது ஒருவன் தன்னைக் குறித்துத் தானே அளிக்கும் வாக்குமூலம். அதை இரவல் வாங்கலாகாது. பிழையுள்ள ஆங்கிலமாயினும் சொந்த ஆங்கிலம். சிறிய கல்லூரியாயினும் தானே விசாரித்தறிந்த கல்லூரி. இந்த உறுதியுடன் எழுத உட்காரும் இளைஞன் அமெரிக்கா சென்றாலும் சரி, இங்கேயே கற்றாலும் சரி, அவனுக்குத் தாழ்வில்லை. அவன் தந்தையின் நிலத்துக்கும் சேதமில்லை.