அன்றாடக் கணக்கு: கழுத்துச் சங்கிலியும் 78-ம்



கேரி தீவில் செம்பனை மரங்களுக்கு நடுவே நடந்து பழகியவர்களுக்கு இன்றைய கணக்குப் புதிதல்ல. வரிசையில் 9 மீட்டருக்கு ஒரு மரம் என்று வைத்துக்கொள்வோம். வரிசைத் தலைப்பிலிருந்து பார்த்தால் மரங்கள் 9, 18, 27, 36 மீட்டர் தூரத்தில் நிற்கும். ஒவ்வொரு முறையும் அதே 9 கூடுகிறது. இப்படி ஒரே அளவு கூடியோ குறைந்தோ செல்லும் எண்களைத்தான் கூட்டுத் தொடர்வரிசை என்கிறோம். இடைநிலைப்பள்ளியில் நம் பிள்ளைகள் ஜன்ஜாங் அரித்மெத்திக் என்று படிப்பதும் இதுவே.

உர மூட்டை வரிசைத் தலைப்பில் இருக்கிறது. ஒரு மரத்துக்கு ஒரு வாளி வீதம் 10 மரங்களுக்குப் போட வேண்டும். போய்த் திரும்பும் நடை 18, 36, 54 என்று கூடிப் பத்தாவது மரத்துக்கு 180 மீட்டர் ஆகும். மொத்த நடை எவ்வளவு?

ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டியதில்லை. முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் கூட்டுங்கள்; 198. எண்ணிக்கையில் பாதியான 5-ஆல் பெருக்குங்கள், 990 மீட்டர். இந்த வழியை கி.பி. 499-இலேயே ஆரியபடர் தம் நூலில் சொல்லி வைத்திருக்கிறார்.

அதே மூட்டையை ஐந்தாவது மரத்துக்கும் ஆறாவது மரத்துக்கும் நடுவில் இறக்கி வைத்தால்? ஒரு பக்கத்து ஐந்து மரங்களுக்கு நடை 9, 27, 45, 63, 81. கூட்டினால் 225. இரு பக்கமும் சேர்த்து 450 மீட்டர்தான். கால் வலியில் பாதிக்கு மேல் மிச்சம்!

இனி, காலை விட்டுக் காசுக்கு வருவோம்.

ஒரு குடும்பத்தில் மோட்டார் சைக்கிளுக்கு 5,550 வெள்ளி சேவா பெலி கடன் வாங்கினார்கள். ஆண்டுக்கு 4 விழுக்காடு வட்டி, 3 ஆண்டு, மொத்த வட்டி 666 வெள்ளி. 36 மாதத் தவணையில் 24 மாதம் கட்டியாகிவிட்டது. ஒருநாள் கணவர் சொன்னார்:

"இந்தா புள்ள, உன் சங்கிலியை அடகு வச்சு மிச்சக் கடனை ஒரேயடியா அடைச்சிடுவோம். இன்னும் 12 மாசம் இருக்கு. வட்டியில மூணுல ஒரு பங்கு, 222 வெள்ளி மிச்சமாகும்."

"நல்லா விசாரிச்சீங்களா, என்னங்க?" என்றார் மனைவி.

கேட்டது நல்ல கேள்வி. 1967-ஆம் ஆண்டுச் சேவா பெலி சட்டத்தின்கீழ், முன்கூட்டி அடைப்பவருக்கான தள்ளுபடி நெடுங்காலமாக ஒரு கூட்டுத் தொடரைக் கொண்டே கணக்கிடப்பட்டு வந்தது. 36 மாதக் கடனில் முதல் மாதத்துக்கு வட்டியில் 36 பங்கு, அடுத்த மாதத்துக்கு 35 பங்கு, கடைசி மாதத்துக்கு 1 பங்கு. ஆரியபடர் வழியில் கூட்டினால், 37 பெருக்கல் 18. மொத்தம் 666 பங்கு. நம் கணக்கில் பங்குக்கு ஒரு வெள்ளி.

மீதமுள்ள 12 மாதங்களுக்கு உரிய பங்குகள் 12, 11, 10 என்று இறங்கி 1 வரை. கூட்டினால் 78. ஆகவே தள்ளுபடி 222 அல்ல, 78 வெள்ளி மட்டுமே! 12 மாதக் கடனுக்கு இந்த 78 வருவதால்தான் இதை 78 விதி என்பார்கள்.

இது ஏன்? தொடக்கத்தில் கடன் பெரிது, அதனால் வட்டியும் பெரிது. கடன் குறையக் குறைய வட்டியும் குறையும். அது நியாயமே. ஆயினும் மீதக் கடனுக்கு மட்டும் வட்டி போடும் முறையோடு ஒப்பிட்டால், முன்கூட்டி அடைப்பவருக்கு 78 விதி சற்று நஷ்டந்தான்.

இப்போது சங்கிலிக் கணக்கு. மீதத் தவணை 2,072 வெள்ளி. 78 கழித்தால் கட்ட வேண்டியது 1,994. அடகுக் கடையில் நூற்றுக்கு மாதம் 2 வெள்ளி வட்டி என்றால், மாதத்துக்கு ஏறக்குறைய 40 வெள்ளி. இரண்டே மாதத்தில் 78 வெள்ளி லாபம் கரைந்துவிடும். மூன்றாம் மாதத்திலிருந்து சங்கிலியும் கையில் இல்லை, பணமும் நஷ்டம். சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும். தவணையைத் தவறாமல் கட்டுங்கள்.

கையில் சும்மா கிடக்கும் பணமிருந்தால் அடைப்பது வேறு விஷயம். அப்போதும், "இன்று அடைத்தால் தள்ளுபடி எத்தனை வெள்ளி?" என்று முதலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். புதிதாகக் கடன் எடுப்பவர்கள், முன்கூட்டி அடைத்தால் எந்த முறையில் கணக்கிடுவார்கள் என்பதைக் கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு கேள்வி: முதல் வாரம் 50 காசு, அடுத்த வாரம் 1 வெள்ளி, அதற்கடுத்த வாரம் 1 வெள்ளி 50 காசு என்று உண்டியலில் போட்டு வந்தால், 12 வாரத்தில் எவ்வளவு சேரும்? விடை 39 வெள்ளி. எப்படி வந்தது என்று அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்!