உழக்கூடாத மணல்

கேள்வி: அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான ஏக்கரை உழாமல், புல்லாகவே விட்டு மாடு மேய்க்கிறார்களாமே, ஏன்?

பதில்: நெப்ராஸ்கா மாநிலத்தின் செர்ரி மாவட்டம் இதற்கு நல்ல உதாரணம். அங்கே பெரும்பகுதி புல் மூடிய மணல் மேடுகள்தான். லகோட்டா பழங்குடியினர் காட்டெருமை வேட்டையாடிய பூமி அது. அவர்களை அரசு அப்புறப்படுத்திய பிறகு மாட்டுப் பண்ணையாளர்கள் வந்தார்கள். மேடுகளுக்குள் போன மாடு பிழைக்காது என்பது அவர்கள் எண்ணம். 1879-ல், பனிப்புயலில் வழிதவறி உள்ளே போன மாடுகளைத் தேடிப் போனார்கள். அவையோ கொழுத்து நின்றன! மேட்டில் புல், பள்ளத்தில் நிலத்தடி நீர் ஊறிய குட்டைகள். வேறென்ன வேண்டும்? 1883-ல் மாவட்டம் உருவானது.

1862-ம் ஆண்டுச் சட்டம் குடியேறுபவர்களுக்கு 160 ஏக்கர் கொடுத்தது. மழை குறைந்த அந்த மணலில் அது ஒரு குடும்பத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. 1904-ல் வந்த கிங்கெய்டு சட்டம் அதை 640 ஏக்கராக உயர்த்தியது. ஆசையோடு வந்த பலர் புல்லை உழுது மக்காச்சோளம் விதைத்தார்கள். புல்வேரின் பிடி போனதும் காற்று மணலை வாரிக்கொண்டு போனது; மேடுகளில் பெரிய பெரிய குழிகள் விழுந்தன. நொடித்துப்போனவர்கள் நிலத்தைப் பண்ணையாளர்களிடம் விற்றுவிட்டு வெளியேறினார்கள். இன்றும் அங்கே மாடுதான் பிழைப்பு.

சட்டம் ஏக்கரைக் கூட்டித் தரலாம். மண்ணின் குணத்தை மாற்றித் தராது. காற்றடிக்கும் மணல் நிலம் வைத்திருப்பவர்கள், ஏர் பூட்டுவதற்கு முன் அந்தப் புல் எதைப் பிடித்து வைத்திருக்கிறது என்று ஒருமுறை யோசியுங்கள்.