விடையைவிட வினா பெரிது

நாம் அன்றாடம் கையாளும் ரூபாய்த் தாள்களுள் ஒன்றில் மட்டும் இந்திய ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையொப்பம் இராது. அது எது? ஒரு ரூபாய்த் தாள். அதனை வெளியிடுவது இந்திய அரசு. அதில் கையொப்பமிடுபவர் மத்திய நிதித்துறைச் செயலாளர். விடை அரிதானதன்று. ஆயினும் வங்கியில் பல்லாண்டுக் கணக்கு வைத்திருப்போரும் இவ்வினாவைக் கேட்டதும் சற்றே தயங்குவர். கண்முன் இருப்பதையும் நாம் கூர்ந்து நோக்குவதில்லை என்பதை அத்தயக்கம் உணர்த்துகிறது. நல்ல புதிர் வினாவின் பயன் இதுவே.

பிறரை மடக்குவதற்காகக் கேட்கப்படும் வினா வேறு. நாம் உறுதியென நம்பியதை மீண்டும் எண்ணிப் பார்க்கச் செய்யும் வினா வேறு. முன்னது கேட்பவரின் செருக்கை வளர்க்கும். பின்னது கேட்பவர், கேட்கப்படுபவர் இருவரின் அறிவையும் வளர்க்கும். இப்பின்னதையே நாம் வீடுகளில் பேண வேண்டும் என்பது என் கருத்து.

பெங்களூருவின் லிங்கராஜபுரத்தையே எடுத்துக்கொள்வோம். தமிழும் கன்னடமும் தெலுங்கும் மலையாளமும் உருதும் ஒலிக்கும் பகுதி இது. இங்கு பெய்யும் மழைநீர் எந்த ஆற்றின் வழியே கடலைச் சேர்கிறது? பெரும்பாலோர் காவிரி என்பர். குழாயில் வருவது காவிரி நீராதலால் அவ்வாறு எண்ணுவது இயல்பு. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, மேட்டு நிலத்தில் அமைந்த இந்நகருக்கு அந்நீர் இயந்திரங்களால் ஏற்றப்படுகிறது. ஆனால் நகரின் மேற்குப் பகுதி நீர்தான் விருஷபாவதி வழியாக மீண்டும் காவிரிப் படுகையை அடைகிறது. லிங்கராஜபுரம் அமைந்துள்ள கிழக்குச் சரிவின் நீரோ கால்வாய்களையும் ஏரிகளையும் கடந்து தட்சிண பினாகினியில் கலக்கிறது. தமிழ்நாட்டில் அதன் பெயர் தென்பெண்ணை. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை ஆகியவற்றைக் கடந்து கடலூர் அருகே அது வங்கக் கடலில் கலக்கிறது.

இவ்விடை வெறும் செய்தியாக நின்றுவிடுவதில்லை. கெலவரப்பள்ளி அணையில் வெண்ணுரை பொங்குவதை நாளிதழ்களில் பலமுறை கண்டிருக்கிறோம். இங்கு கால்வாயில் கொட்டப்படும் கழிவு அங்குள்ள உழவரின் வயலைத் தொடுகிறது என்பதை ஒரு வினா நமக்குக் காட்டிவிடுகிறது.

மற்றொன்று: தமிழ்த் திரையின் ரஜினிகாந்த், கன்னடத் திரையின் ராஜ்குமார் ஆகிய இருவருள் இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் பிறந்தவர் யார்? ராஜ்குமார். தாளவாடியை அடுத்த காஜனூர் அவர் பிறந்த ஊர். ரஜினிகாந்த் பிறந்ததோ பெங்களூருவில். இன்னொன்று: 1970ஆம் ஆண்டில் பெங்களூரு எந்த மாநிலத்தின் தலைநகர்? கர்நாடகம் என்பது பிழை. மைசூர் மாநிலம் கர்நாடகம் எனப் பெயர் மாறியது 1973 நவம்பர் 1 அன்றுதான். எல்லைகளும் பெயர்களும் மாறிக்கொண்டே வந்துள்ளன. மக்களோ அவற்றைக் கடந்து கலந்து வாழ்ந்துள்ளனர். மொழியின் பெயரால் அயலாருடன் மனத்தாங்கல் கொள்வோர் சிந்திக்க வேண்டிய செய்தி இது.

இந்தியாவில் வினாடி வினாவுக்கு மதிப்புமிக்க மரபு உண்டு. 1967இல் கொல்கத்தாவில் நீல் ஓ'பிரையன் அனைவரும் பங்கேற்கும் போட்டியைத் தொடங்கிவைத்தார். பெங்களூருவில் 1983இல் கர்நாடக வினாடி வினாச் சங்கம் தோன்றியது. 1985இல் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசுவின் நிகழ்ச்சி இக்கலையை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. எனினும் இரு குறைகள் தங்கிவிட்டன. ஒன்று, அரங்குகளில் பெரும்பாலும் ஆங்கிலமே கோலோச்சுகிறது. மற்றொன்று, 2000ஆம் ஆண்டில் கோடி ரூபாய்ப் பரிசுடன் தொலைக்காட்சிப் போட்டி வந்தபின், வினா என்றாலே பணம் என்னும் எண்ணம் வேரூன்றிவிட்டது.

விரல் நுனியில் விடை கிடைக்கும் காலத்தில் இவ்விளையாட்டு எதற்கு எனச் சிலர் வினவலாம். கைப்பேசி, கேட்டதற்கு விடை தரும். கேட்கத் தோன்றாததற்குத் தராது. காவிரி என்று உறுதியாக நம்புபவர் மழைநீரைப் பற்றித் தேடவே மாட்டார். அவருக்குத் தேவை விடையன்று, வினா.

விடுகதை போட்டு வளர்ந்த சமூகம் நம்முடையது. திண்ணைகள் மறைந்தாலும் இரவுச் சாப்பாட்டு வேளை மறையவில்லை. வாரம் ஒருநாள் வீட்டில் ஒவ்வொருவரும் ஒரு வினாவைத் தம் மொழியில் கேட்கட்டும். பாட்டி பழைய திரைப்படத்தைப் பற்றிக் கேட்கலாம்; பேரன் வரைபடத்தைப் பற்றிக் கேட்கலாம்; அடுத்த வீட்டுக் கன்னட நண்பரையும் அழைக்கலாம். விதிகள் இரண்டு போதும்: தவறாகச் சொன்னவரை எள்ளி நகையாடலாகாது, விடை சொன்னவர் அது தமக்கு எவ்வாறு தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும்.

இவ்விரண்டாம் விதி உங்கள் சேமிப்புக்கும் காவல். வினாடி வினாவில் இலட்சக்கணக்கில் பரிசு விழுந்திருப்பதாகவும், அதைப் பெற முன்பணம் கட்ட வேண்டும் என்றும் வரும் செய்திகளால் பணம் இழந்தோர் பலர். 'இது எவ்வாறு தெரியும்?' என்று கேட்டுப் பழகிய குடும்பம் அவ்வளவு எளிதில் ஏமாறாது. எவரேனும் ஏமாற்றப்பட்டால் தயங்காமல் உடனே 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

இந்த வாரத்திற்கு ஒரு வினாவை வாசகர்களிடமே விட்டுவிடுகிறேன். நூறு ரூபாய்த் தாளில் மொத்தம் எத்தனை மொழிகள் இடம்பெற்றுள்ளன? பதினைந்து என்பார் பலர், அது சரியன்று. தாளின் இருபுறத்தையும் குடும்பத்தோடு அமர்ந்து எண்ணிப் பாருங்கள்.