எலும்புக்கு எந்த அமிலம் பகை?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் கிளினிக் நடத்தும் நமக்கு இந்தக் கேள்வி புதிதல்ல: "உடம்புல ஆசிட் ஏறினா எலும்பு தேயுமாமே டாக்டர், ஆல்கலைன் வாட்டர் மெஷின் வாங்கிடலாமா?" சிரித்து அனுப்பிவிடுகிறோம். அது போதாது. அந்த நம்பிக்கை நம் ஏடுகளிலிருந்துதான் கிளம்பியது.

1968இல் வாக்மனும் பெர்ன்ஸ்டீனும் 'லான்செட்'டில் ஒரு கருதுகோளை வைத்தார்கள். இறைச்சி போன்ற உணவு விட்டுச்செல்லும் அமிலத்தைச் சமன்செய்ய எலும்பு ஆண்டுக்கணக்கில் தன் காரத்தைக் கொடுத்துக் கரைகிறது என்பது அதன் சாரம். புரதம் கூடினால் சிறுநீரில் கால்சியம் கூடுவது உண்மை. ஆனால் அதில் பெரும்பங்கு குடல் கூடுதலாக உறிஞ்சிய கால்சியம் என்று பிற்பாடு தெரிந்தது. ஃபென்டன் குழுவின் 2009, 2011 தொகுப்பாய்வுகளும் கருதுகோளுக்குச் சான்று இல்லை என்றே முடித்தன. உணவு எதுவானாலும் நுரையீரலும் சிறுநீரகமும் ரத்தத்தின் பிஎச் அளவை 7.35க்கும் 7.45க்கும் இடையில் பிடித்து வைத்துக்கொள்கின்றன. சிறுநீரின் பிஎச் பார்க்கும் பட்டை காட்டுவது சிறுநீரகம் வேலை செய்கிறது என்பதை மட்டுமே. அந்தக் கருதுகோளை நம்பி முட்டையையும் மீனையும் நிறுத்தும் வயதான பெண்ணுக்குத் தசையும் போகும், எலும்பும் போகும்.

நிஜமான அமிலத்தேக்கம் வேறு. நாட்பட்ட சிறுநீரக நோயில் பைகார்பனேட் 22க்குக் கீழே இறங்கும்போது எலும்பு உண்மையிலேயே விலை கொடுக்கிறது. சர்க்கரை நோயாளிக்குத் தவறாமல் கிரியேட்டினின் எழுதும் நாம் பைகார்பனேட்டை எழுதுவது அபூர்வம். எலும்பு வலி, தொடைத் தளர்ச்சி, குறைந்த பொட்டாசியம், சிறுநீரகக் கல் எல்லாம் ஒருவரிடமே சேர்ந்திருந்தால் டிஸ்டல் ஆர்டிஏ நினைவுக்கு வர வேண்டும். காரம் மருந்தாவது அங்கேதான். அதையும் மெஷின் தண்ணீர் தராது, சிட்ரேட்டோ பைகார்பனேட்டோதான் தரும்.

நம் கைவசம் இருக்கும் சிக்கலோ நேர் எதிரானது. தொழிற்பேட்டை கம்பெனிகளில் ஷிஃப்ட் பார்ப்பவர்கள் வெறும் வயிற்றில் டீ குடித்து, நெஞ்செரிச்சலுக்குப் பான்டோபிரசோல் பட்டையை மெடிக்கலில் நேராக வாங்கி, வருடக்கணக்கில் விழுங்குகிறார்கள். அட்டவணை எச் என்பது அட்டையில் அச்சிட்டிருப்பதோடு சரி. நாமும் வலி மாத்திரையோடு அதைச் சேர்த்து எழுதுவோம், நிறுத்தும் தேதியை எழுத மாட்டோம். பான்டோபிரசோல் போன்ற, வயிற்று அமிலத்தை அடக்கும் மருந்துகளை நெடுநாள் எடுப்போருக்கு எலும்பு முறிவு அபாயம் கூடலாம் என்று அமெரிக்க எஃப்டிஏ 2010இலேயே எச்சரித்தது. அதற்கு ஆதாரமான ஆய்வுகள் கண்டறிந்தது ஒரு தொடர்பை, காரணத்தை அல்ல. ஆகவே ரத்தக்கசிவு வரலாறு உள்ளவரிடமிருந்து மாத்திரையைப் பிடுங்க வேண்டியதில்லை. ஆனால் மாதவிடாய் நின்ற பெண், ஸ்டீராய்டு எடுப்பவர், பகல் முழுக்க ஷெட்டுக்குள் இருந்து வெயிலே படாதவர் ஆகியோரிடம், இந்த மாத்திரை இன்னும் எதற்கு என்று கேட்டே ஆக வேண்டும்.

இன்னொன்று: அதே சீட்டில் கால்சியம் கார்பனேட்டும் இருக்கும். அது கரைய வயிற்று அமிலம் வேண்டும், அதைத்தான் முதல் வரியில் அடக்கிவிட்டோமே! சாப்பாட்டோடு எடுக்கச் சொல்லுங்கள், அல்லது சிட்ரேட்டுக்கு மாற்றுங்கள்.